குளிக்கும் இடத்தை ஒட்டிய ஜன்னல்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்க்கசிவை எப்படித் தடுப்பது?

கேள்வி — கொள்ளிடம்

அனைவருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் 1990களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட எங்கள் வீட்டில், தரைத்தளக் குளியலறையைப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஐந்துக்கு எட்டு அடி அளவுள்ள அந்த அறையில், ஷவர் இருக்கும் மூலையை ஒட்டினாற்போல மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு. ஜன்னல் இரண்டடி அகலமும் மூன்றரை அடி உயரமும் கொண்டது. தரையிலிருந்து மூன்றரை அடியில் தொடங்கி, ஏழடியில் இருக்கும் லிண்டலுக்கு (ஜன்னலின் மேலுள்ள உத்தரத்துக்கு) அடியில் முடிகிறது. ஆகவே குளிக்கும்போது தண்ணீர் ஜன்னலின் மீது தெறிப்பதோடு நிற்காமல் நேராகவே அதன் மேல் விழுந்து, கீழே உள்ள சில் கல்லில் தேங்கி நிற்கிறது.

மரச்சட்டத்தின் அடிக்கட்டை, பெயின்ட் பூசியிருந்ததால் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்தியபோது, அது அரை அங்குலம் வரை எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கியது. ஜன்னலுக்கு நேர் கீழே வெளிச்சுவரில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. விரலால் தட்டினால் பூச்சு மாவாக உதிர்கிறது, வெள்ளை உப்பும் பூத்திருக்கிறது. பக்கத்துப் படுக்கையறைச் சுவரிலும் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறியிருக்கிறது.

வேலைக்கு வந்திருக்கும் மேஸ்திரி, பழைய டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை என்றும், ஆடுகின்ற டைல்களை மட்டும் எடுத்துவிட்டுப் பழையதன் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்றும், சட்டத்தைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் அடைத்துச் சிலிக்கான் போட்டுவிட்டால் சொட்டுத் தண்ணீர் கூட இறங்காது என்றும் உறுதியாகச் சொல்கிறார். என் கணவரோ மரச்சட்டத்தை எடுத்துவிட்டு யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டாலே பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார். எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை வரவில்லை. உண்மையில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது எந்த அடுக்கு, அந்த அடுக்கை ஜன்னலருகில் எங்கே கொண்டுபோய் முடிக்க வேண்டும், எந்த வேலைக்குப் பின் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 — மட்டப்பலகை

அம்மா, வணக்கம். நான் கட்டட மேற்பார்வைப் பணியில் இருப்பவன். உங்கள் கேள்வியை நீங்களே சரியான இடத்தில் வைத்துவிட்டீர்கள். பெரும்பாலோர் எந்த டைல் வாங்கலாம் என்றுதான் தொடங்குவார்கள்.

டைல்ஸுக்கும் அவற்றின் இடுக்குகளை நிரப்பும் கிரௌட்டுக்கும் தண்ணீரை முழுமையாகத் தடுக்கும் வேலை கிடையாது. சிமெண்ட் கிரௌட் நுண்துளைகள் உடையது. தினமும் நனையும் சுவரில் அதன் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். அப்படிப் போகிற தண்ணீரைப் பின்னால் ஒரு அடுக்கு நிறுத்தி, சுவருக்குள் இறங்க விடாமல் மறுபடியும் தரைக்கே அனுப்ப வேண்டும். அந்த அடுக்குதான் வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங். சமமான சுவரில் அதைப் பூசுவது எவருக்கும் எளிது. ஜன்னல் என்பது அந்தச் சுவரில் விழுந்த ஓட்டை. கோட்டிங் அந்த ஓட்டையின் விளிம்பில் நின்றுவிட்டால், மீதிச் சுவர் முழுவதும் எவ்வளவு கவனமாகப் பூசியிருந்தாலும் தண்ணீர் அந்த விளிம்பு வழியாகவே செங்கல்லுக்குள் போய்விடும். எனவே கோட்டிங் சுவரிலிருந்து மடங்கி ஜன்னல் திறப்பின் உள்ளே சென்று, சட்டம் உட்காரும் இடத்தையும் தாண்டிப் போக வேண்டும். சட்டம் கோட்டிங்கின் மேல் உட்கார வேண்டும். இதைச் செய்வதற்குச் சட்டத்தை வெளியே எடுத்தே ஆக வேண்டும். அதிலும் உங்கள் சட்டத்தின் அடிக்கட்டை உளுத்துவிட்டதால், அதை வைத்துக்கொண்டு சுற்றிலும் அடைப்பதில் பொருளே இல்லை.

மேஸ்திரி சொல்லும் வெள்ளை சிமெண்ட் முறை நம் பக்கத்தில் பல்லாண்டுகளாக நடப்பதுதான். வெள்ளை சிமெண்ட் காயும்போது சுருங்கும், காய்ந்தபின் வளையாது. மரமோ நனைந்தால் பருத்து, காய்ந்தால் சுருங்கும். இரண்டும் சேரும் கோட்டில் முதல் கோடையிலேயே மயிரிழை வெடிப்பு விழும். யுபிவிசி போட்டாலும் கதை மாறாது. பிளாஸ்டிக் செங்கல்லைவிடப் பல மடங்கு அதிகமாக வெப்பத்தில் விரியக்கூடியது. மூன்றடி உயரமுள்ள யுபிவிசி சட்டம், வெப்பநிலை 30 டிகிரி மாறினால் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும் அல்லது குறுகும். மேற்கு வெயில் படும் ஜன்னலில் 30 டிகிரி மாற்றம் என்பது அரிதானதன்று. அந்த அசைவைத் தாங்க வேண்டிய இடத்தில் கல்லாக இறுகும் எதையும் வைக்கக் கூடாது.

பழைய டைலின் மேல் புதிய டைல் ஒட்டுவது, உலர்ந்த சுவருக்கு வேண்டுமானால் பொருந்தும். உங்கள் சுவரில் பழைய பூச்சே ஓதத்தில் நைந்திருக்கும்போது அதன் மேல் இன்னொரு அடுக்கின் எடையை ஏற்றுவது ஆபத்து. கோட்டிங் போடுவதற்கு வேண்டிய பரப்பும் கிடைக்காது.

நான் செய்யச் சொல்லும் வரிசை இதுதான். ஷவர் பகுதியில் தரையிலிருந்து லிண்டல் வரை பழைய டைல்ஸையும் பூச்சையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிடுங்கள். ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்துவிடுங்கள். செங்கல் இடுக்குகளில் நைந்த சாந்தைச் சுரண்டிக் கழுவிவிட்டு, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு என்ற கலவையில் புதுப்பூச்சு போடச் சொல்லுங்கள். அந்தக் கலவையில் வாட்டர்ப்ரூஃபிங் திரவத்தை, டப்பாவில் போட்டிருக்கும் அளவில், பொதுவாக 50 கிலோ மூட்டைக்கு 200 மி.லி., சேர்க்கலாம். இதை மட்டும் சேர்த்துவிட்டு வாட்டர்ப்ரூஃபிங் முடிந்தது என்று சொல்பவர்கள் அதிகம். அது பூச்சின் நுண்துளைகளைக் குறைக்குமே தவிர, விழுகிற வெடிப்பைப் பாலம்போட்டு மூடாது.

ஜன்னலின் சில் பரப்புக்கு, அதாவது அடியில் உள்ள திண்டுக்கு, சாய்வு கொடுப்பதை இந்தப் பூச்சிலேயே முடித்துவிட வேண்டும். டைல் ஒட்டும்போது பசையைக் கூட்டிக் குறைத்துச் சாய்வு வரவழைத்தால், டைலுக்குக் கீழே இருக்கும் கோட்டிங் மட்டமாகவே இருக்கும். அங்கே தண்ணீர் தேங்கும். நான்கு அங்குல ஆழமுள்ள திண்டுக்கு 5 அல்லது 6 மி.மீ. இறக்கம் போதும். பூச்சு இறுகிய மறுநாள், சட்டம் வரப்போகும் கோட்டருகில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். அது தயங்காமல் குளியலறைப் பக்கம் உருண்டு விழ வேண்டும். சட்டத்துக்கு வெளியே இருக்கும் பாதி அதேபோல் வெளிப்புறம் சாய வேண்டும். திண்டும் பக்கச்சுவரும் சேரும் இரண்டு மூலைகளையும் கூர்மையாக விடாமல் விரல் பருமனுக்குக் கலவை வைத்து உருட்டிவிடச் சொல்லுங்கள். பிறகு குறைந்தது ஏழு நாட்கள் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும்.

கோட்டிங்குக்கு, பவுடரும் திரவமுமாக இரண்டு பாகங்களாக விற்கப்படும் பாலிமர் சிமெண்ட் வகை போதுமானது. சுவரை நனைத்து, மேலே நீர் மினுக்காத நிலையில் பிரஷ்ஷால் பூச வேண்டும். முதல் கோட்டு இடமிருந்து வலமாக என்றால் இரண்டாவது கோட்டு மேலிருந்து கீழாக. முதல் கோட்டில் பிரஷ் தவறவிட்ட ஊசித்துளைகளை இரண்டாவது பிடித்துவிடும். நான்கு மூலைகளிலும், சுவர் மடங்கி ஜன்னலுக்குள் நுழையும் விளிம்புகளிலும், முதல் கோட்டு ஈரமாக இருக்கும்போதே நான்கு அங்குல அகலமுள்ள ஃபைபர் கிளாஸ் வலைப் பட்டையைப் பதித்துவிட வேண்டும். நான் போய்ப் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை திண்டின் அந்த இரண்டு கீழ்மூலைகளில் தொடங்கியவையே.

இனிச் சட்டம். அடியில் உள்ள திண்டில் ஸ்க்ரூ போட விடாதீர்கள். அவ்வளவு பாடுபட்டுப் பூசிய கோட்டிங்கில், தண்ணீர் தேங்க வாய்ப்புள்ள ஒரே இடத்தில் டிரில் ஓட்டை போடுவதாகிவிடும். பக்கச்சுவர்களிலும் மேலேயும் போட்டாலே இந்த அளவு ஜன்னல் அசையாமல் நிற்கும். சட்டத்தின் அடியில் சீலன்ட் (சிலிக்கான் போன்ற, வளைந்துகொடுக்கும் அடைப்புப் பசை) ஒரு கோடு இழுத்து அதன் மேல் உட்கார வைக்கட்டும்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். படுக்கையறையில் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருக்கும் ஓதம் ஜன்னலிலிருந்துதான் வருகிறது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். தரையிலிருந்து மேலேறும் ஓதம், குழாய்க் கசிவு, தண்ணீர் வெளியேறும் தரைக் குழியின் ஓரம் ஆகிய மூன்றுக்குமே அதே அடையாளம்தான்.

பதில் 2 — பல்கரண்டி

நான் டைல்ஸ் ஒப்பந்த வேலை செய்பவன். மேலே ஐயா சொன்ன வரிசையோடு எனக்கு முழு உடன்பாடு; டைல் ஒட்டும் கட்டத்தைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கோட்டிங்கின் மேல் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டும் பழைய முறை வேண்டாம். பாலிமர் கலந்த டைல் ஒட்டும் பசையையே வாங்குங்கள். மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற தர எண்ணும் எந்த வகை என்பதும் அச்சிட்டிருக்கும். பசையில் ஒட்டும்போது டைல்ஸைத் தொட்டியில் ஊறப்போடக் கூடாது. இதைப் பழைய கொத்தனார்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சிமெண்ட் சாந்தில் ஒட்டியபோது டைல் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதற்காக ஊறவைத்தார்கள். பசைக்கு அந்தத் தேவை இல்லை, ஊறிய டைலில் பசை பிடிப்பு குறையும்.

சுவருக்கென்று விற்கப்படும் சாதாரண செராமிக் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சக்கூடியது. விட்ரிஃபைடு டைல் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. சுவருக்குச் செராமிக் போட்டாலும் ஜன்னல் திண்டுக்கும் பக்கங்களுக்கும் அதைப் போடாதீர்கள். நான் அந்த இடத்துக்கு எப்போதும் ஒரே துண்டு கிரானைட்டைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டடி ஜன்னலுக்கு ஒரே கல் கிடைக்கும். டைலாக இருந்தால் நடுவில் ஓர் இணைப்பு வரும், அதுவும் தண்ணீர் விழும் இடத்திலேயே வரும். இந்தத் திண்டுக்கல், சுவர் டைலின் முகத்தைவிட அரை அங்குலமாவது முன்னால் நீண்டிருக்க வேண்டும். அந்த நீட்டத்தின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கல் அறுக்கும் இடத்திலேயே 5 மி.மீ. அளவுக்கு ஒரு காடி போடச் சொல்லுங்கள். காடி இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து சுவர் டைலுக்கும் கல்லுக்கும் இடையிலான கோட்டுக்குள் போகும். காடி இருந்தால் அங்கேயே சொட்டிவிடும்.

அடுக்கும் முறையும் முக்கியம். திண்டுக்குக் கீழே உள்ள சுவர் டைல்ஸ் முதலில், அதன் மேல் திண்டுக்கல், அதன் மேல் உட்காருமாறு பக்கவாட்டுத் துண்டுகள். பக்கத்துண்டை முதலில் ஒட்டிவிட்டுத் திண்டை இரண்டுக்கும் நடுவில் சொருகினால், பக்கத்தில் வடியும் தண்ணீர் நேராகத் திண்டின் இரண்டு முனை இடுக்குகளிலும் இறங்கும். ஓரங்களை 45 டிகிரியில் சீவிச் சேர்ப்பது அழகாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். வாளியின் விளிம்பு ஒருமுறை இடித்தால் அந்தக் கூர் சில்லாகப் பெயரும். குளியலறையில் நான் அதைச் செய்வதில்லை.

டைலின் பின்னால் ஐந்து இடங்களில் பசையை உருண்டையாக வைத்து அழுத்தும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். பல் கரண்டியால் சீராக இழுத்து, டைல் முதுகு முழுவதும் பசை படும்படி அழுத்த வேண்டும். ஓர் ஆளை வேலைக்கு வைக்கும் முன் நான் பார்ப்பது இதைத்தான்: அவர் ஒட்டிய இரண்டாவது டைலைக் காய்வதற்குள் பிரித்துப் பார்ப்பேன். முதுகில் வெற்றிடம் இருந்தால், அங்கே தேங்கும் தண்ணீர் என்றைக்கும் காயாது.

பதில் 3 — வடக்குவாசல்

எல்லோரும் ஜன்னலைக் காப்பாற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜன்னலின் அளவைக் குறைத்துவிட்டால் என்ன? இடுப்புக்கு மேலேயே தொடங்கும் ஜன்னல் குளியலறைக்கு எதற்கு? அடியில் ஒன்றரை அடிக்குச் செங்கல் வைத்து மூடிவிட்டால், திண்டு ஐந்தடி உயரத்துக்குப் போய்விடும். ஷவர் தலையை எதிர்ச்சுவரின் பக்கம் மாற்றிவிட்டால் தண்ணீரும் அதன் மேல் நேரடியாக விழாது. மறைப்புக்காகக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலையும் மிச்சம்.

பதில் 4 — மட்டப்பலகை

வடக்குவாசல் ஐயா சொன்னது மிக நல்ல யோசனை. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய அளவுக்கு நல்லது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலறைக்கு வெளிக்காற்று வரும் திறப்பாகக் குறைந்தது 0.37 சதுர மீட்டர் கேட்கிறது. அது நம் கணக்கில் நான்கு சதுர அடி. உங்கள் ஜன்னலில் ஒன்றரை அடியை அடைத்தபின் மிஞ்சுவது இரண்டுக்கு இரண்டு, அதாவது சரியாக நான்கு சதுர அடி. அதற்கு மேல் குறைக்காதீர்கள். காற்றோட்டம் குறைந்த குளியலறையில் சுவர் காயவே காயாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் மின்சாரம் இருக்கும்போதும் ஆள் சுவிட்சைப் போடும்போதும்தான் அது ஓடும்.

அடைக்கும் செங்கல் பழைய சுவரோடு சேரும் மூன்று பக்கக் கோட்டிலும் வெடிப்பு விழும் என்பதை எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டும். பழைய சுவரில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் செங்கல்லைப் பல்லாகக் கொத்தி எடுத்து, புதிய கட்டுமானத்தை அதில் பிணைக்கட்டும். பூச்சுக்கு முன் இந்தக் கோடுகளின் மேல் இரும்புக் கோழிவலையை ஆணியடித்துப் பதித்துவிட வேண்டும், உள்ளும் புறமும்.

கொள்ளிடம்

மூவருக்கும் நன்றி. வேலையை நிறுத்தி, சட்டத்தைப் பெயர்க்கச் சொன்னோம். அடிக்கட்டைக்குக் கீழே சிமெண்ட் கலவையே இல்லை. உடைந்த செங்கல் துண்டுகளையும் மணலையும் போட்டு நிரப்பி மேலே மட்டும் பூசியிருக்கிறார்கள். கையால் அள்ளினால் ஈர மணல் கட்டியாக வருகிறது. திண்டை உயர்த்தும் யோசனையை ஏற்றுக்கொண்டுவிட்டோம். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியிலிருந்தும் தண்ணீர் வந்திருக்குமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்தது, எந்த வகை ஜன்னலை, சுவரின் ஆழத்தில் எந்த இடத்தில் பொருத்துவது? மேஸ்திரி வழக்கம்போல் நடுவில் வைக்கலாம் என்கிறார்.

பதில் 5 — மட்டப்பலகை

ஜன்னல் பொருத்திச் சீலன்ட் போடுவதற்கு முன் வெளியிலிருந்து ஹோஸ் குழாயால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். எப்போதும் கீழிருந்து மேலாகப் போக வேண்டும். முதலில் திண்டுக்குக் கீழே உள்ள சுவரில் கால் மணி நேரம், உள்ளே ஈரம் தெரியாவிட்டால் திண்டு, பிறகு பக்கங்கள், கடைசியாக லிண்டலும் சன்ஷேடு சுவரில் சேரும் கோடும். மேலே தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது ஓட்டை என்று தெரியாமல் போய்விடும். உங்கள் வீட்டு வயதுக்கு, சன்ஷேடின் மேல்முகமும் சுவரும் சேரும் கோட்டில் வெடிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கொத்தி, கலவை வைத்து உருட்டி, அதே கோட்டிங்கைச் சன்ஷேடின் மேலும் சுவரில் ஆறு அங்குல உயரத்துக்கும் பூசிவிடுங்கள்.

தரையையும் இப்போதே சோதித்துவிடலாம். தரைக் குழியை அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குழாய்களுக்குப் பிளம்பரிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லலாம். படுக்கையறை ஓதத்துக்கு விடை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் கிடைக்கும்.

ஜன்னலின் இடம் பற்றி என் கருத்து: நடுவில் வேண்டாம், உள்பக்கமாகத் தள்ளி வையுங்கள். உள்ளே மிஞ்சும் திண்டின் ஆழம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் தேங்கும் பரப்பும், சோப்பும் ஷாம்பூ பாட்டிலும் வைக்கும் ஆசையும் குறையும். வெளியே மிஞ்சும் ஆழமான திண்டைச் சன்ஷேடு காப்பாற்றிக்கொள்ளும்.

நகரும் ஜன்னல் வேண்டாம். அதன் அடித்தடத்தில் ஷவர் தண்ணீரும் சோப்பு அழுக்கும் சேர்ந்து பாசி பிடிக்கும். மேல் விளிம்பில் கீல் உள்ள, கீழே வெளிப்புறமாகத் தள்ளித் திறக்கும் ஒற்றைக் கதவு நல்லது. கிரில்லைச் சுவரின் வெளிமுகத்தோடு வைத்தால், ஒன்பது அங்குலச் சுவரில் சட்டத்துக்கும் கிரில்லுக்கும் நடுவில் ஐந்து அங்குலம் கிடைக்கும். கதவின் அடிப்பகுதி அந்த அளவு திறந்தாலே ஆவி வெளியேறிவிடும். யுபிவிசி சட்டத்தின் வெளிமுகத்தில் அடியில் நீள்வட்ட வடிவில் சிறு துளைகள் இருக்கும். அவை உள்ளே சேரும் தண்ணீர் வெளியேறுவதற்காகச் செய்யப்பட்டவை. ஓட்டை என்று நினைத்துச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடும் ஆட்கள் உண்டு; பொருத்தும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள்.

பதில் 6 — பனிக்காலம்

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஷவருக்குள்ளேயே ஜன்னல் இருக்கிறது. இங்கே சுவர் மரச்சட்டகத்தால் ஆனது, அதன் மேல் சிமெண்ட் பலகை, அதற்கு மேல் தாள்போல விரியும் நீர்த்தடுப்புப் படலம் அல்லது பிரஷ்ஷால் பூசும் ரப்பர் கோட்டிங் என்பது வழக்கம். தண்ணீர் உள்ளே போனால் செங்கல்போல உப்பு பூத்துச் சொல்லாது; மரம் மெளனமாக உளுத்துவிடும். அதனால் படலத்தை ஒட்டும் வரிசையில் இங்கே கண்டிப்பு அதிகம்: முதலில் திண்டு, அதன் மேல் படியுமாறு பக்கங்கள், அதன் மேல் படியுமாறு தலைப்பகுதி. மேலே உள்ள துண்டு எப்போதும் கீழே உள்ள துண்டின் மேல் இரண்டு அங்குலமாவது படிய வேண்டும். பதில் 2-இல் கல் அடுக்குவதற்குச் சொன்ன அதே முறைதான். கொள்ளிடம் அவர்கள் வலைப் பட்டைகளைப் பதிக்கும்போதும் இதைப் பின்பற்றலாம்.

கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்பு விதித்தொகுப்பின்படி, ஷவரில் நிற்கும் தளத்திலிருந்து 60 அங்குலத்துக்குக் கீழே தொடங்கும் கண்ணாடி, உடைந்தாலும் கூராகச் சிதறாத பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும். வழுக்கி விழுபவர் கையை ஊன்றப்போகும் உயரம் அது. உங்கள் திண்டு ஐந்தடிக்கு, அதாவது அதே 60 அங்குலத்துக்கு உயர்ந்தாலும், டஃபன்ட் கண்ணாடியே கேட்டு வாங்குங்கள். இவ்வளவு சிறிய ஜன்னலுக்கு விலை வித்தியாசம் பெரிதாக இராது.

பதில் 7 — பல்கரண்டி

சீலன்ட் பற்றி மட்டும் கடைசியாக. சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையில் 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி விட்டே கல்லை ஒட்ட வேண்டும். முட்டுமாறு ஒட்டிவிட்டு மேலே மெல்லிய கோடாகச் சிலிக்கானை இழுத்தால் அது ஒட்டுவதற்குப் பரப்பே இல்லை. ஓராண்டில் நாடாவாக உரிந்து வந்துவிடும். இடைவெளிக்குள் முதலில் நுரைக் கயிற்றைச் சொருகி, அதன் மேல் சீலன்ட் வைக்க வேண்டும். அப்போது அது சட்டத்திலும் கல்லிலும் மட்டும் ஒட்டும், அடியில் ஒட்டாது. இரண்டு பக்கமும் விலகினால் கிழியாமல் இழுபடும். நான் இரண்டு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சீலன்ட் வைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் இழுத்து, தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுவேன்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் டியூபைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். அது கண்ணாடித் தொட்டிக்கு ஏற்றது. சிமெண்டிலும் கல்லிலும் சரியாகப் பிடிக்காது, சில கற்களில் கறையும் விடும், உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். இதே சீலன்ட்டை, திண்டுக்கல்லும் பக்கத்துண்டுகளும் சேரும் கோடுகளிலும், இரண்டு சுவர்கள் சேரும் மூலைக் கோடுகளிலும் கிரௌட்டுக்குப் பதிலாக வையுங்கள். மற்ற இணைப்புகளுக்கு எபாக்ஸி கிரௌட் போட்டால் கறை பிடிக்காது. ஆனால் அதைக் கலந்த ஆள் வேகமாகத் துடைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் டைலின் மேல் படிந்த பிசின் படலம் பிறகு போகவே போகாது. எபாக்ஸி போட்டுவிட்டதால் பின்னால் கோட்டிங் வேண்டாம் என்று யாரேனும் சொன்னால் அதை மட்டும் கேட்காதீர்கள்.

கொள்ளிடம்

சோதனைகளைச் செய்துவிட்டோம். தரையில் கட்டிய தண்ணீர் பென்சில் கோட்டிலிருந்து தெளிவாகவே இறங்கியிருந்தது. தரைக் குழியைச் சுற்றிப் பூச்சு விட்டிருப்பது தெரிந்தது. ஆகவே தரையையும் உடைத்துச் சேர்த்தே கோட்டிங் போடப்போகிறோம். இனி ஒரே கேள்விதான்: வெளிச்சுவரிலும் படுக்கையறைச் சுவரிலும் உதிர்ந்த பூச்சை எடுத்துவிட்டு, அங்கேயும் இதே வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங்கைப் பூசி, பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில் 8 — மட்டப்பலகை

பூச்சை எடுப்பது வரை இப்போதே செய்யுங்கள், பூசுவதற்கு அவசரப்படாதீர்கள். பல ஆண்டுகள் தண்ணீர் குடித்த ஒன்பது அங்குலச் சுவருக்குள் நிறைய ஈரம் இருக்கும். குளியலறைப் பக்கம் கோட்டிங்கால் மூடிவிட்டபின், அது வெளியேறுவதற்கு மிஞ்சியிருப்பது மற்ற முகங்கள் மட்டுமே. அவற்றையும் அதே கோட்டிங்கால் அடைத்தால் ஈரம் நடுவில் சிக்கி, உப்போடு சேர்ந்து புதுப்பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். வெளிமுகத்தைச் செங்கல் தெரியுமாறு விட்டு வெயில் படட்டும்; மேற்குச் சுவர் என்பதால் உங்களுக்கு அது வசதிதான். படுக்கையறையில் ஃபேனும் திறந்த ஜன்னலும் போதும். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடியும் உள்ளே போகும்.

ஒரு சதுர அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாட்கள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளிகள் இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மார்கழிப் பனிக்குள் அது காயும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளிப்பூச்சையும் பெயின்ட்டையும் பங்குனி வெயிலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.